குப்பைக் கிடங்குக்கு அருகில் போர்வெல்: ஆர்.ஓ. வாங்குமுன் செய்ய வேண்டியது

கேள்வி: கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்கு அருகில் வசிக்கிறோம். போர்வெல் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. ஆர்.ஓ. (நீர் சுத்திகரிப்புக் கருவி) விற்க வந்தவர் இரண்டு கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சினார், நீர் செம்பழுப்பாகிவிட்டது. குப்பைச் சாறு இறங்கிவிட்டதா?

பதில்: அந்தச் சோதனையை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உப்பு கரைந்த எந்த நீரிலும் மின்சாரம் பாயும். அப்போது இரும்புக் கம்பியே கரைந்து நீரைப் பழுப்பாக்கும். ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அது தெளிவாகவே நிற்கும். இதை வைத்து வீடு வீடாகப் பயமுறுத்தி விற்கிறார்கள். டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பின் அளவைத்தான் காட்டுமே தவிர, அம்மோனியாவையோ ஈயத்தையோ தனித்துச் சொல்லாது.

முறையான கிடங்கில், 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் வகுத்தபடி, 90 செ.மீ. களிமண் படுகையின்மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதன்மீது ஜல்லியும் துளையிட்ட குழாய்களும் அமைத்து, வடியும் கசிவுநீரை, அதாவது குப்பைச் சாற்றை, தொட்டியில் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும். வெறும் மண்ணில் கொட்டிய பழைய குப்பையிலோ மழைநீர் ஊறிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கோவையின் அடிநிலம் பாறை. கசிவுநீர் அதன் வெடிப்புகளின் வழியே போவதால், பக்கத்து வீட்டு நீர் நன்றாக இருப்பது உங்களுக்கு உத்தரவாதமாகாது.

ஆனால் மஞ்சள் நிறமெல்லாம் கசிவுநீர் அல்ல. நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் மஞ்சளாகி, அடியில் துருப்பொடி படிந்தால், பாறையில் இயல்பாகவே உள்ள இரும்பு காரணமாக இருக்கலாம்; குப்பையே இல்லாத ஊர்களிலும் இதைக் காணலாம். பழைய இரும்புக் குழாயும் இதே நிறத்தைத் தரும் என்பதால், மேல்தொட்டியில் பிடிக்காமல் மோட்டார் வாயிலேயே பிடியுங்கள். பிடிக்கும்போதே தேநீர் நிறமும் நாற்றமும் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கிறது.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட், ஈயம் ஆகியவற்றைக் கேளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டினால் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. முடிவு வரும்வரை மாநகராட்சிக் குடிநீரையே குடியுங்கள்.

கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என எல்லாப் பருவத்திலும் சோதிக்க வேண்டுமென்று அதே 2016 விதிகள் சொல்லியிருந்தும், குடியிருப்பவர் தம் காசில் சோதித்து அலைய வேண்டியிருப்பது அநியாயம். அந்த அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள்; மனுவோடு உங்கள் ஆய்வு முடிவின் நகலையும் இணையுங்கள்.