ஜெர்மனியில் நீங்கள் ஃப்ரைபெருஃப்லரா, கெவெர்பெயா? – கேள்வி பதில்

கேள்வி: கணினிப் பொறியியல் படித்த நான் பெர்லினில் தனியாக மென்பொருள் உருவாக்கித் தருகிறேன். ஃப்ரைபெருஃப்லர் ஆக முடியுமா?

பதில்: ஃப்ரைபெருஃப்லர் என்பவர் கெவெர்பெ வரி (வணிக வரி) கட்ட வேண்டாத சுயதொழிலர்; கெவெர்பெ என்பது அந்த வரிக்கு உட்பட்ட வணிகம். ஜெர்மனியின் வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர் என்று சில தொழில்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை ஒத்த தொழில்களையும் சேர்த்துக்கொள்கிறது. மென்பொருளாளரின் பெயர் அங்கே இல்லாததால், பொறியாளரை ஒத்தவர் என்றே அவர் உள்ளே நுழைய வேண்டும். பயன்பாட்டு மென்பொருள் எழுதுவோருக்கும் அந்த வழியைக் கூட்டாட்சி நிதி நீதிமன்றம் 2004இல் திறந்துவிட்டது. ஆயினும் பொறியாளரைப் போல முறையாகத் திட்டமிட்டு உருவாக்குவது கட்டாயம். எனவே வரி அலுவலகத்துக்கு அனுப்பும் பதிவுப் படிவத்தில் 'ஐடி சேவை' என்று இரண்டு சொற்களில் முடித்துவிடாமல், செய்யும் வேலையை விரித்து எழுதுங்கள். வரி எண் வந்துவிட்டது என்பதற்காக அங்கீகாரமும் வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். பின்னாளில் தணிக்கைக்கு வருபவர் வேறு முடிவெடுக்கலாம்.

கேள்வி: நான் செயலிகள் எழுதுகிறேன். எனக்கும் பொருந்துமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கெவெர்பெ வரியைத்தான் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமே, பிறகு எதற்கு இத்தனை வாதம்?

பதில்: நியாயமான கேள்விதான், கணக்கிட்டே பார்ப்போம். ஆண்டு லாபம் 60,000 யூரோ என்றால், தனிநபருக்கான விலக்கு 24,500 போக மீதி 35,500, அதில் 3.5 விழுக்காடு 1,242.50. நகராட்சி நிர்ணயிக்கும் பெருக்கு விகிதம் பெர்லினில் 410 விழுக்காடு என்பதால் வரி சுமார் 5,094 யூரோ ஆகிறது. வருமான வரியில் அந்த 1,242.50இன் நான்கு மடங்கு, அதாவது 4,970 கழிவதால், கையிலிருந்து போவது 124 யூரோதான். மியூனிக்கில் விகிதம் 490. அங்கே 1,118 யூரோ போகும். வணிகக் கழக உறுப்பினர் கடமையும் கூடவே வரும்.

கேள்வி: அப்படியென்றால் பெர்லின்காரர்கள் வீணாகச் சண்டையிடுகிறோம் என்கிறீர்களா?

பதில்: தனியாளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இருவர் கூட்டாகத் தொழில் செய்யும்போது, ஓரமாக வன்பொருளும் விற்றால், அந்தச் சிறு வணிகம் முழு வருமானத்தையும் கெவெர்பெயாக்கிவிடும். அந்த விற்பனை நிகர வருவாயில் 3 விழுக்காட்டையும் 24,500 யூரோவையும் தாண்டாத வரைதான் தப்பலாம். தனியாளாயின் இரண்டுக்கும் கணக்கைப் பிரித்து வைத்தால் போதும்.

கேள்வி: எனக்கு ஒரே வாடிக்கையாளர்தான்; வரி அலுவலகம் என்னை ஃப்ரைபெருஃப்லராகவே நடத்துகிறது. கவலையில்லை அல்லவா?

பதில்: கவலை உண்டு. வரி அலுவலகம் சொல்வது வரிக்கு மட்டுமே. நீங்கள் உண்மையில் ஊழியரா என்பதை ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் தனியே ஆராயும். சுயதொழிலராகப் பாடம் எடுத்த ஓர் இசைப்பள்ளி ஆசிரியையை ஊழியர் என்று கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்ததை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ப்ளூ கார்டில் (வேலைக்கான வசிப்பு அனுமதியில்) இருக்கிறேன், வார இறுதியில் இப்படிச் சுயதொழில் செய்யலாமா?

பதில்: முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி, வரிப் பேச்சு பிறகு.

கேள்வி: படிவம் எங்கே கிடைக்கும்?

பதில்: வரி அலுவலகத்தின் இணையதளமான எல்ஸ்டரில். தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள்.