ராஜபாளையம் நாய் வளர்க்க ஆசையா? முதலில் மதிலை அளந்து பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் தனி வீட்டில் இருக்கிறோம். மதில் நான்கடி உயரம். மகளுக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். நாற்பது நாள் ராஜபாளையம் குட்டி ஒன்றைத் தருவதாகத் தெரிந்தவர் சொல்கிறார். வாங்கலாமா? வளர்ந்தபின் எப்படி இருக்கும்?

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு புரண்டு விளையாடித்தான் கற்கிறது. சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்தப் பாடம் மிக அவசியம்.

காத்திருக்கும் நாட்களில் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். தூய வெள்ளை நாய்கள் சிலவற்றில் உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இல்லாததால் செவிட்டுத்தன்மை வருகிறது. ராஜபாளையத்திலும் இது உண்டு. மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்து வைத்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் இதில் தெரியாது.

வளர்ந்த நாய் தோளுயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை நிற்கும். நான்கடி மதில் அதற்கு ஒரு தாவல். ஆறடியாவது உயர்த்துங்கள், கேட்டின் அடியில் உள்ள இடைவெளியையும் அடையுங்கள்.

கோழிகள்தான் எனக்குப் பெரிய கவலை. மோப்பத்தால் தேடும் நாய்கள் உண்டு. இது கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய். எதிரே ஒன்று ஓடினால் போதும், நீங்கள் எவ்வளவு கத்தி அழைத்தாலும் திரும்பாது. அதைக் கீழ்ப்படியாமை என்று அடிப்பது பெரும் தவறு. காட்டுப்பன்றி வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக நாம்தான் அதை அப்படி வளர்த்தெடுத்தோம். ‘குட்டியிலிருந்தே பழக்கினால் சரியாகிவிடும்’ என்பார்கள். தன்னோடு ஒரே வீட்டில் வளரும் பூனையை அது விட்டுவைக்கலாம். மதில் தாண்டி வரும் கோழியை விட்டுவைக்கும் என்று நம்பாதீர்கள். வெளியே எப்போதும் கையில் வார் இருக்கட்டும். அவிழ்த்து ஓடவிட, சுற்றிலும் வேலியுள்ள இடம் வேண்டும். அதிகாலையும் மாலையும் நல்லது. இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் எளிதில் புண்படும்.

வீட்டாரில் ஓரிருவரிடம் உயிராக ஒட்டிக்கொள்ளும். அந்நியர் தொட்டால் பெரும்பாலும் பிடிக்காது. குட்டிப் பருவத்திலிருந்தே விருந்தினர், குடை, ஸ்கூட்டர், பால்காரர் என்று எல்லாவற்றையும் அமைதியாகக் காட்டுங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் மகள் அருகில் போகக் கூடாது. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவதாக இருந்தால், தயவுசெய்து இந்த நாயை வாங்காதீர்கள். ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்று என்னிடம் கொண்டுவரப்படும் நாய்களில் பல, மாதக்கணக்கில் கட்டிக்கிடந்தவை.

விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த இனத்தின் வாகு. மெலிந்துவிட்டதென்று பயந்து திணிக்காதீர்கள். நல்ல குட்டித் தீவனம் கொடுத்தால் கால்சியம் டானிக் தேவையில்லை. மிகுதியானால் வளரும் எலும்புகளே கெடும். உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்து, உண்ட பின் ஒரு மணி நேரமாவது ஓடவிடாதீர்கள். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள், விடியும்வரை தாங்காது. அறுவை சிகிச்சை என்றால் இது வேட்டை இனம் என்பதை முன்கூட்டியே நினைவூட்டுங்கள். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நேரமாகும்.

மதில் வேலை முடிந்ததும் குட்டியின் தாயை நேரில் போய்ப் பாருங்கள். புதியவரைக் கண்டு அது நடுங்கி மூலையில் ஒடுங்கினால், அந்த ஈற்றில் குட்டி எடுக்காதீர்கள்.