முதல் மழை, ஈசல், உங்கள் கேள்விகள்

பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஏற்காட்டு மலையில் ஈசல் பிடித்துத் தின்று வளர்ந்தவன். கோடை மழை இரண்டு விழுந்ததும் ஆளாளுக்கு ஈசலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை): சார், எங்கள் பாட்டி ஈசலை அரிசியோடு வறுத்துத் தருவார். செய்முறை என்ன?

பதில்: பிடிப்பதில்தான் பாதி வேலை. மழை விட்ட பொழுது சாயும் நேரத்தில், புற்றுக்குப் பக்கத்தில் சின்னக் குழி தோண்டி, தண்ணீர்ச் சட்டியை இறக்கி, மேலே விளக்கை வைப்போம். வெளிச்சத்துக்கு வந்து சொதசொதவென்று விழும். அள்ளி வந்து, எண்ணெய் ஊற்றாமல் இளந்தீயில் வறுத்து முறத்தில் புடைத்தால் இறக்கை எல்லாம் பறந்துவிடும். தனியாகப் பொரித்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்க்க வேண்டியதுதான்.

எண்ணெய் வேண்டாம் என்பதற்குக் காரணம், ஈசலே ஒரு கொழுப்பு மூட்டை. புதுக் குடித்தனம் போடக் கிளம்பிய கறையான் ராஜா ராணிகள் அவை. முதல் ஈடு குஞ்சுகள் வளர்ந்து வேலைக்கு வரும்வரை அந்தச் சேமிப்பில்தான் காலம் தள்ள வேண்டும். அதனால்தான் அதிகம் தின்றால் வயிறு கலக்கிவிடுகிறது. எங்கள் அத்தை ஆளுக்கு ஒரு பிடிக்கு மேல் தரமாட்டார். நாங்களும் திருடித் தின்று அவஸ்தைப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

கேள்வி (ஓமலூர்): வேறு வழியில்லாமல் பஞ்சத்தில் தின்றதுதானே இது?

பதில்: இல்லை. புறநானூறு 119-ஆம் பாட்டைப் பாருங்கள். பாரியின் பறம்பு நாடு எவ்வளவு வளமாக இருந்தது என்று சொல்லும்போதுதான், செம்புற்று ஈசலும் மோரும் சேர்ந்த புளிப்பு உணவைக் கபிலர் எடுத்துச் சொல்கிறார். ஒடிசாவில் மயூர்பஞ்சின் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நம் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த அதே குறியீடுதான்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): எனக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும். ஈசல் சாப்பிடலாமா?

பதில்: தொடவே தொடாதீர்கள். இறாலில் ஒவ்வாமை கிளப்பும் டிரோபோமயோசின் என்ற புரதத்துக்கு உறவான புரதம் பூச்சிகளிலும் இருக்கிறது. நன்றாக வறுத்துவிட்டால் போய்விடும் என்று நம்ப முடியாது.

கேள்வி (வாழப்பாடி): தெருவிளக்கின் கீழே குவிந்து கிடக்கிறதே, பெருக்கி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. எந்தப் புற்றிலிருந்து வந்தது, யார் கறையான் மருந்து ஊற்றிய மனை என்று உங்களுக்குத் தெரியாது. மருந்தடித்த தோட்டத்துப் புற்றும் அப்படித்தான்.

கேள்வி (ஏற்காடு): அண்ணே, முசுறு எறும்பைக் கசக்கி மோந்தால் சளி குணமாகுமா?

பதில்: மூக்கு அடைப்பு கொஞ்ச நேரம் விட்டதுபோல இருக்கும். அது ஃபார்மிக் அமிலத்தின் காரம், குணம் இல்லை. குழந்தைகளிடம் செய்யாதீர்கள். ஈசலோ எறும்போ, எனக்கு அது உணவு. மருந்து என்று விற்க வருகிறவர்களை நான் கிட்டவே சேர்ப்பதில்லை.

கேள்வி (ஆத்தூர்): நூல் எடுத்த பிறகு பட்டுப்புழுவை வீணாக்குகிறோமே, அதைத் தின்னலாமா?

பதில்: கொரியாவில் வேகவைத்துத் தெருவில் விற்கிறார்கள், அசாமில் எரிப்பட்டுப் புழு விருந்துச் சாப்பாடு. ஆனால் இங்கே அது நூல் எடுக்கும் தொட்டியில் கொதித்து ஊறி, வெளியே குவிந்து நாறிய பிறகுதான் நம் கைக்கு வருகிறது. அதைத் தின்னச் சொல்லமாட்டேன்.

கேள்வி (சூரமங்கலம்): மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கடையில் பூச்சி விற்கிறது என்கிறான், நிஜமா?

பதில்: நிஜம்தான். 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அங்கே அனுமதித்தார்கள். வெட்டுக்கிளி, பட்டுப்புழு எல்லாம் உண்டு. பண்ணையில் வளர்த்தவை மட்டும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): நாங்கள் சைவம். எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? புற்றுக்குள்ளே கறையான் பூஞ்சைத் தோட்டம் போட்டு வளர்க்கிறது. மழைக்குப் பிறகு அதிலிருந்து மண்ணைப் பிளந்துகொண்டு வருவதுதான் புற்றுக்காளான். அடையாளம் நன்றாகத் தெரிந்தவர் பறித்துத் தந்தால் மட்டும் வாங்குங்கள், காளானில் ஊகம் ஆகாது. என் வீட்டுக்காரி ஈசல் வறுக்கிற நாளில் அடுப்படிப் பக்கமே வரமாட்டார். புற்றுக்காளான் குழம்பு என்றால் மட்டும் எனக்குக் கரண்டி மிஞ்சாது.