போளை ஏன் நின்றது?

கேள்வி: தரம் 2இல் கற்கும் என் மகனுக்குத் தள்ளுதல், இழுத்தல் பற்றிப் பாடசாலையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விசை, இயக்கம் என்பவற்றை வீட்டிலேயே செய்துகாட்ட வழி உண்டா? எங்களுடையது சிறிய தொடர்மாடி வீடு.
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இடம் தாராளமாகப் போதும். சமையலறை வெட்டுப்பலகையின் ஒரு முனையை இரண்டு கொப்பிகளின் மேல் ஏற்றி வைத்து, உச்சியிலிருந்து ஒரு போளையைத் தள்ளாமல், கையை மட்டும் எடுத்து உருளவிடச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையில் அது பெரும்பாலும் அலுமாரிக்கு அடியில்தான் போய்ச் சேரும். அடுத்து, பலகையின் முன்னால் குளியல் துவாயை விரித்துவிட்டு, போளையை விடுவதற்கு முன்பே, இம்முறை அது எங்கே நிற்கும் என்று மகனிடம் கேட்டு, அவன் காட்டும் இடத்தில் ஒரு பொத்தானை வையுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்யும் பரிசோதனை, என் கருத்தில், வெறும் வேடிக்கைதான்.

போளை ஏன் நின்றது என்று கேட்டால், "அதற்குக் களைத்துவிட்டது" என்பான். சிரித்துவிடாதீர்கள். தள்ளும் விசை தீர்ந்தால் பொருள் தானாகவே நின்றுவிடும் என்று பெரிய அறிஞர்களும் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை மறுத்து, சாய்தளத்தில் வெண்கலக் குண்டுகளை உருட்டி, சரியான கடிகாரம் இல்லாத அக்காலத்தில் பாத்திரத்திலிருந்து வடிந்த நீரை நிறுத்து நேரத்தைக் கணித்த கலிலியோ, 1638இல் வெளியான தமது நூலில் அச்சோதனையை விவரித்திருக்கிறார். தரை வழுவழுப்பாக ஆக ஆகப் போளை கூடுதல் தூரம் ஓடுவதையும், அதை நிறுத்துவது துவாயின் உராய்வே என்பதையும் மகன் கையால் தடவிப் பார்த்தே உணர்ந்துகொள்வான். ஓடும் பொருள் தொடர்ந்து ஓடவே முயலும் தன்மையைக் குறிக்கும் 'சடத்துவம்' என்ற சொல் இப்போதைக்கு வேண்டாம். காலி வீதியில் பஸ் திடீரென்று பிரேக் போடும்போது தன் உடல் முன்னால் சாய்வதை அவன் கவனித்தாலே போதும்.

பெரிய போளையையும் சிறிய போளையையும் ஒன்றாக விட்டும் பாருங்கள். பெரியதுதான் முந்தும் என்று வீட்டிலுள்ள பெரியவர்களும் பந்தயம் கட்டுவார்கள்; இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே கீழே வந்துசேரும்.

கேள்வி: மூன்று வயதுத் தங்கையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் போளையையும் பொத்தானையும் அவள் கைக்கு எட்டவிடாதீர்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துவிடும். அவளுக்கு டெனிஸ் பந்து போதும். பெரிய தேசிக்காயும் கொடுக்கலாம். அது நேராக ஓடாமல் வளைந்து ஓடும், ஏன் என்று அண்ணனைக் கேட்கட்டும்.