எல்லா டெஸ்ட்டும் பாஸ், ஆனாலும் ஏன் உடைகிறது?

சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக இதுதான் என் தொழில். முதல் ஆறு வருடம் கையால் டெஸ்ட் செய்தேன், அப்புறம் ஆட்டோமேஷன், இப்போது ஒரு குழுவை நடத்துகிறேன். வரையறைகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அவை எந்த வலியிலிருந்து வந்தன என்பதைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் "டெஸ்டிங்கில் என்னென்ன வகைகள்?" என்று கேட்டார்கள். யூனிட், இன்டெக்ரேஷன், சிஸ்டம், அக்செப்டன்ஸ் என்றேன். "அவை நிலைகள், நான் வகைகளைக் கேட்டேன்" என்றார்கள். இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

எவ்வளவு பெரிய துண்டைக் கையில் எடுத்திருக்கிறோம் என்பது நிலை. அந்தத் துண்டிடம் என்ன கேட்கிறோம் என்பது வகை. சரியாகக் கணக்குப் போடுகிறாயா, ஆயிரம் பேர் ஒன்றாக வந்தால் தாங்குவாயா, திருடன் தட்டினால் கதவைத் திறந்துவிடுவாயா, நேற்று செய்ததை இன்றும் செய்கிறாயா: இவையெல்லாம் வகைகள். பெரும்பாலும் இந்தக் கேள்விகளை எந்த நிலையிலும் கேட்கலாம். ஒரே ஒரு ஃபங்ஷனின் (ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்ன புரோகிராம் துண்டின்) வேகத்தையும் அளக்கலாம், முழு ஆப்பின் வேகத்தையும் அளக்கலாம்.

ஒரு டிக்கெட் முன்பதிவு ஆப்பை எடுத்துக்கொள்வோம். 5 வயதுக்குக் கீழே இலவசம், 5 முதல் 11 வரை அரை டிக்கெட், 12 முதல் முழு டிக்கெட். வயதைக் கொடுத்தால் எந்த டிக்கெட் என்று சொல்லும் சின்ன ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் தனியாகச் சோதிப்பது யூனிட் டெஸ்ட். பொதுவாக அதை எழுதிய டெவலப்பரே செய்வார். எந்த வயதுகளைக் கொடுப்பீர்கள்? என் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் பெரும்பாலும் 3, 8, 30 என்று கொடுப்பார்கள். நான் 4, 5, 11, 12 கொடுக்கச் சொல்வேன். "குறைவு" என்று எழுத வேண்டிய இடத்தில் "குறைவு அல்லது சமம்" என்று கை தவறிவிடும், அந்தத் தவறு எல்லைக்கோட்டில் மட்டும்தான் வெளியே தெரியும். அதன் பிறகு 0, மைனஸ் 1, 200, ஒன்றுமே நிரப்பாத காலி.

சரி, ஃபங்ஷன் பாஸ். ஆனால் அந்த வயது எங்கிருந்து வருகிறது? இன்னொரு டெவலப்பர் எழுதிய பகுதி, பிறந்த தேதியை வைத்துக் கணக்கிட்டு அனுப்புகிறது. அவர் முன்பதிவு செய்யும் நாளில் உள்ள வயதைக் கணக்கிட்டிருக்கிறார். விதியோ பயண நாளில் உள்ள வயதைப் பார்க்கச் சொல்கிறது. அடுத்த மாதம் 12 வயது முடிந்து, அதன் பிறகு பயணம் செய்யப்போகும் குழந்தைக்கு அரை டிக்கெட் போய்விடுகிறது. இரண்டு பேருடைய யூனிட் டெஸ்ட்டும் பாஸ்தான், அவரவர் புரிந்துகொண்ட அளவில் இரண்டு பேரும் சரிதான். இரண்டையும் சேர்க்கும்போதுதான் தவறு பிறக்கிறது. அதைப் பிடிக்கத்தான் இன்டெக்ரேஷன் டெஸ்டிங்.

நான்கு நிலைகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் பயந்ததும் இதுதான். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்ததும் தொலைந்துபோனது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு விசை அளவில் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் அது நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். ஒன்பது மாதப் பயணத்தில் அந்தப் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. செவ்வாய்க்கு 226 கிலோமீட்டர் மேலே போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் வரை தாழ்ந்துவிட்டது. இரண்டு மென்பொருளும் தனித்தனியாகத் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டன.

மற்ற இரண்டு நிலைகள்: முழு ஆப்பையும் நிஜத்தைப் போன்ற சூழலில் ஓட்டிப் பார்ப்பது சிஸ்டம் டெஸ்டிங். சீட்டைப் பிடித்துவிட்டுப் பணம் கட்டும் நடுவில் நெட்வொர்க் போனால் அந்த சீட் என்னவாகும் என்பது போன்ற கேள்விகள் இங்கேதான் எழும். கடைசியாக, பயன்படுத்தப் போகிறவர்களே பார்த்து "இது எங்களுக்கு ஆகும்" என்று ஏற்றுக்கொள்வது அக்செப்டன்ஸ். அதைப் பற்றி இன்னொரு கடிதம் வந்திருக்கிறது, கீழே பேசுவோம்.

கேள்வி: எங்கள் ப்ராஜெக்ட்டில் யூனிட் டெஸ்ட் கவரேஜ் 100 சதவீதம். வெளிப்பகுதிகள் எல்லாவற்றுக்கும் மாக் (நிஜத்துக்குப் பதிலாக நிற்கும் போலி) போட்டிருக்கிறோம். அப்படியும் ரிலீஸ் ஆன அன்றே பெரிய பக் (பிழை). எங்கே தவறினோம்?

கவரேஜ் என்பது அந்த வரி ஓடியது என்பதற்கான சான்று மட்டுமே. வரி ஓடிய பிறகு வந்த விடையை யாராவது சரிபார்த்தார்களா என்று அது சொல்லாது. எதையுமே சரிபார்க்காத டெஸ்ட்களை வைத்துக்கூட 100 காட்டலாம். நான் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியம், எழுத மறந்த புரோகிராம் கோடுக்குக் கவரேஜ் கிடையாது. காலி வயதைக் கையாளும் வரியே இல்லையென்றால், அது விடுபட்டது என்று எந்த அறிக்கையும் காட்டாது.

டெஸ்ட்களின் தரத்தை அளக்க வேண்டுமானால் மியூட்டேஷன் டெஸ்டிங் செய்து பாருங்கள். கருவியே உங்கள் கோடில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைக்கும், கூட்டலைக் கழித்தலாக மாற்றும். அப்போதும் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆனால், அந்த வரியை யாரும் காவல் காக்கவில்லை என்று அர்த்தம்.

இனி மாக். அது கெட்ட பழக்கம் இல்லை, ஆனால் மாக் என்பது வெளிப்பகுதியைப் பற்றி நீங்கள் நம்புவது. நம்பிக்கை தவறாக இருந்தால் மாக்கும் அதே தவறோடு உங்களுக்குத் தலையாட்டும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பிய 40 விநாடிக்குள் சிதறியது. ராக்கெட்டின் திசையைக் கணிக்கும் கருவியின் மென்பொருளை முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-லிருந்து எடுத்திருந்தார்கள். அதில் 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் இருந்தது. 16 பிட்டில் 32,767 வரைதான் அடங்கும். ஏரியன் 4-ன் பாதையில் அந்த எண் அதைத் தாண்ட வாய்ப்பில்லை. ஏரியன் 5-ன் பாதையில் கிடைமட்ட வேகம் அதிகம், எண் தாண்டிவிட்டது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் அதே காரணத்தால் நின்றது.

தரையில் செய்த சிஸ்டம் டெஸ்ட்களில் அந்தக் கருவியை இணைக்கவில்லை. அதன் இடத்தில் அதைப் போல விடை தரும் மென்பொருளை வைத்துச் சோதித்தார்கள். நம் பாஷையில் சொன்னால், மாக். நிஜக் கருவிக்குப் புதிய பாதையின் தகவலைக் கொடுத்து ஒருமுறை ஓட்டியிருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும். அதனால் உங்களுக்கு என் யோசனை: எத்தனை மாக் வேண்டுமானாலும் வையுங்கள், ஒவ்வொரு வெளிப்பகுதிக்கும் மாக் இல்லாத நிஜ இணைப்பு டெஸ்ட் ஒன்றாவது இருக்கட்டும்.

கேள்வி: ஸ்மோக், சானிட்டி, ரெக்ரஷன்: மூன்றையும் எப்போதும் குழப்பிக்கொள்கிறேன்.

புதிய பில்ட் (சோதனைக்கு வரும் ஆப்பின் புதிய பதிப்பு) வந்ததும் ஆப் திறக்கிறதா, லாக்இன் ஆகிறதா, ஒரு டிக்கெட் போட முடிகிறதா என்று பத்து நிமிடத்தில் பார்ப்பது ஸ்மோக். மின்கருவியை முதலில் ஆன் செய்து புகை வருகிறதா என்று பார்ப்பதைப் போல. இது ஃபெயில் ஆனால் மேற்கொண்டு பார்க்காமல் பில்ட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். மாற்றிய இடத்தை மட்டும் தொட்டுப் பார்ப்பது சானிட்டி. மாற்றாத இடங்கள் கெட்டுப்போகவில்லையா என்று பார்ப்பது ரெக்ரஷன். முதல் இரண்டுக்கும் நடுவே கோடு போடுவதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கு மாறும், அதற்காகச் சண்டை வேண்டாம். ரெக்ரஷனை மட்டும் கைவிடாதீர்கள். ஆட்டோமேஷனை முதலில் அதில்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: கோடைப் பார்க்காமல் செய்யும் பிளாக் பாக்ஸ் டெஸ்டிங் தரம் குறைந்தது என்று என் சீனியர் சொல்கிறார். உண்மையா?

இல்லை. கோடைப் படித்தவருக்கு அதை எழுதியவரின் எண்ணமே ஒட்டிக்கொள்ளும். படிக்காதவர் கேட்கும் கேள்வி வேறு. 1988-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர், இடி மழை பெய்த ஓர் இரவில் தொலைபேசி இணைப்பு வழியாக யூனிக்ஸ் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இணைப்பில் வந்த இரைச்சல் குப்பை எழுத்துகளாக உள்ளே போக, நாள்தோறும் பயன்படும் புரோகிராம்கள் விழுந்தன. அதையே வேண்டுமென்று செய்து பார்க்க மாணவர்களிடம் கொடுத்தார். கோடைத் திறக்கவே இல்லை, கண்டபடி எழுத்துகளைத் தள்ளினார்கள். சோதித்த யூனிக்ஸ் கருவிகளில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்தன அல்லது உறைந்தன. ஃபஸ் டெஸ்டிங் அங்கிருந்துதான் வந்தது, இன்று பாதுகாப்புச் சோதனையில் அதற்குப் பெரிய இடம். இரண்டு வகையும் வேண்டும் என்று சீனியரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: லோட் டெஸ்ட் செய்துதான் ரிலீஸ் செய்கிறோம். ஆனாலும் சில நாள் கழித்து சர்வர் நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது.

இதைப் படித்ததும் எனக்குப் பழைய வியாழக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. முன்பு நான் வேலை பார்த்த ஒரு குழுவில் திங்கள் காலை ரிலீஸ் செய்வோம், வியாழன் மாலைக்குள் ஆப் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். மூன்று வாரம் இப்படியே போனது. எங்கள் லோட் டெஸ்ட்டில் 2,000 பேரை வைத்து அரை மணி நேரம் ஓட்டுவோம், அது அழகாகப் பாஸ் ஆகும்.

காரணம் ரீஃபண்ட் பகுதியில் இருந்தது. பணத்தைத் திருப்பித் தருவது தோல்வியடைந்தால், அந்த வழியில் மட்டும் டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மூடாமல் விட்டிருந்தார்கள். ஒரு நாளைக்குப் பதினான்கு பதினைந்து முறைதான் அப்படி நடக்கும். மொத்தம் இருந்ததோ 50 கனெக்‌ஷன். கணக்குப் போட்டுப் பாருங்கள், வியாழன் வந்துவிடும். எங்கள் லோட் டெஸ்ட்டில் வந்த 2,000 பேரும் ஒழுங்காகப் பணம் கட்டிவிட்டுப் போனார்கள், ஒருவர்கூட ரீஃபண்ட் கேட்கவில்லை.

எதிர்பார்க்கும் கூட்டத்தைத் தாங்குமா என்பது லோட். எந்த அளவில் உடைகிறது, உடைந்தால் எழுந்து நிற்கிறதா என்பது ஸ்ட்ரெஸ். மிதமான கூட்டத்தோடு நாள்கணக்கில் ஓடவிட்டு ஏதாவது கசிகிறதா என்று பார்ப்பது சோக். உங்களுக்கு வேண்டியது சோக். வெள்ளி மாலை தொடங்கி திங்கள் வரை ஓடட்டும். தோல்வியடையும் பரிவர்த்தனைகளையும் அதில் கலந்து விடுங்கள், அதுவும் நிஜத்தில் வருவதைவிடப் பல மடங்கு. மெமரியையும் திறந்திருக்கும் கனெக்‌ஷன் எண்ணிக்கையையும் வரைபடமாகப் பாருங்கள். ஏறிய கோடு இறங்கவில்லை என்றால் அங்கேதான் கசிவு.

கேள்வி: நாங்களே முழுதாக டெஸ்ட் செய்த பிறகு பயனர்கள் வந்து இன்னொரு முறை அக்செப்டன்ஸ் டெஸ்ட் செய்வது நேர விரயம்தானே?

இல்லவே இல்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். அதில் இரண்டு விபத்துகளுக்குக் காரணம், விசைப்பலகையில் வேகமாக அடித்தால் மட்டும் வெளிப்படும் ஒரு மென்பொருள் பிழை. ஆபரேட்டர் சிகிச்சை முறைக்கான எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு, மேலே போய் மாற்றிவிட்டு, மளமளவென்று கீழே வந்துவிடுவார். கதிரை வளைக்கும் காந்தங்கள் தயாராக எடுக்கும் 8 விநாடிக்குள் இந்தத் திருத்தம் முடிந்தால் இயந்திரம் அதைக் கவனிக்காது. முந்தைய மாடல்களில் இருந்த, தனியாக இயங்கும் வன்பொருள் தடுப்புகள் இதில் இல்லை.

மெதுவாக அடித்துப் பார்த்தவரை அந்தப் பிழை வரவில்லை. மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே ஆபரேட்டரும் சேர்ந்து, வேகமாக அடித்து அடித்துப் பழகி, கடைசியில் அந்தப் பிழையை வரவழைத்தார்கள். தினமும் அதே திரையில் வேலை செய்பவரின் கை வேகம் எந்த டெஸ்ட்டருக்கும் இருக்காது. அந்தக் கையைத்தான் அக்செப்டன்ஸ் டெஸ்ட்டுக்கு அழைக்கிறோம். அவர்கள் வரும்போது நாம் எழுதிய டெஸ்ட் கேஸைக் கொடுத்து அதன்படி செய்யச் சொல்லாதீர்கள். அவர்கள் வழக்கமான வேலையைச் செய்யட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் புரொடக்‌ஷனில் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் ஆப்பில்) ஒரு பக் வந்தது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் "நீ ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டார்கள். எனக்கு இந்த வேலை ஒத்துவராதோ?

தம்பி, முதலில் ஒரு கணக்கு. இரண்டு 32 பிட் எண்களைக் கூட்டும் ஒரு புரோகிராமை எல்லா எண்களையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு நூறு கோடி டெஸ்ட் ஓட்டினாலும் முடிய 580 வருடத்துக்கு மேல் ஆகும். வெறும் கூட்டலுக்கே இந்த நிலை. டெஸ்டிங்கால் பக் இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று நிரூபிக்க முடியாது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969-லேயே சொல்லிவிட்டார். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அந்த பக் எந்த நிலையில் சிக்கியிருக்க வேண்டும் என்று பாருங்கள். ஃபங்ஷனுக்கு உள்ளேயே இருந்த தவறா? அப்படியானால் யூனிட் டெஸ்ட்டில் சிக்கியிருக்க வேண்டும், டெவலப்பரோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு குழுக்கள் ஒரு விஷயத்தை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்களா? அது இன்டெக்ரேஷன், இரண்டு குழுவும் அங்கே வேண்டும். தேவை என்ன என்பதையே யாரும் எழுதி வைக்கவில்லையா? அப்படியானால் டெஸ்ட்டரிடம் கேட்டுப் பயனில்லை.

நாளைக்கு அலுவலகம் போனதும், அந்த பக்கைத் திரும்ப வரவழைக்கும் ஒரு டெஸ்ட்டை எழுதுங்கள். அது ஃபெயில் ஆவதை முதலில் கண்ணால் பாருங்கள். டெவலப்பர் சரிசெய்த பிறகு பாஸ் ஆகிறதா என்று பார்த்துவிட்டு ரெக்ரஷனில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மீட்டிங்கில் அந்த டெஸ்ட்டையே திரையில் காட்டுங்கள்.