இருண்டுபோன பிலிம் படங்களைக் கையால் மாற்ற முடியுமா?

காரைநகர் கசூரினா கடற்கரையில் எடுத்த படங்கள் இருண்டுவிட்டன, எறியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எறியாதீர்கள். நெகட்டிவைப் பத்திரமாக வைத்துவிட்டு, பிரதியில் கை வையுங்கள். மை பிரிண்டரில் எடுத்தது சரிவராது. வண்ணப் போட்டோத் தாளில் கழுவியதுதான் வேண்டும்.

அதன் ஜெலட்டின் பூச்சில் மூன்று சாய அடுக்குகள் உண்டு: மேலே சியான் (பச்சை கலந்த நீலம்), நடுவில் மஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), அடியில் மஞ்சள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஊறவிட்டு, ஊசியால் மெல்லச் சுரண்டுங்கள். இருண்ட இடத்தில் சியான் போனதும் மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து முதலில் சிவப்பு வரும், அப்புறம் மஞ்சள், கடைசியில் வெள்ளை. படத்தில் இருண்டுபோன வானத்தில் சவுக்கு மரங்களை நெருப்பு நிறத்திலேயே வரையலாம்! அழுத்தினால் நேரே வெள்ளைக்குப் போய்விடும், கவனம்.

கறுப்பு வெள்ளைப் பிரதி என்றால் சாயம் கூடிய வெறும் தேத்தண்ணியில் ஊறவையுங்கள். தாள் அழகாகப் பழுப்பேறும்.