பாரம் என்று சொன்னது யார்?

கேள்வி: எனக்கு வயது 74. நெதர்லாந்து, பெல்ஜியம் போல நம் நாட்டிலும் கருணைக்கொலையைச் சட்டமாக்கினால் என்ன? பிள்ளைகளுக்குப் பாரமாகக் கிடந்து சாவதைவிட, கை கால் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர்வது குடும்பத்துக்கும் நல்லதுதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த இரண்டு நாடுகளும் 2002-இல் அதைச் சட்டமாக்கின. நம் மலேசியாவில் அதற்கு இடமில்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும், தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியது. உடந்தையாக இருப்பது இன்றும் குற்றம். போதும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. ‘பாரம்’ என்கிறீர்களே, அதை உங்கள் வாயில் போட்டது யார்?

உங்களுக்கு என்ன நோய் என்று எழுதவில்லை. வலிக்கிறது என்று எழுதவில்லை. முழுக்கப் பிள்ளைகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல், இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று உறுதியானவர்கள் மருத்துவர் எழுதித் தரும் மருந்தைத் தாமே குடித்து உயிர்விட முடியும். ஏன் கேட்டார்கள் என்ற காரணங்களை அந்த அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மொத்தக் கணக்கில், வலிக்கு அஞ்சியவர்களைவிட ‘குடும்பத்துக்குப் பாரமாவேன்’ என்று சொன்னவர்கள் அதிகம். வசதியுள்ள நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நம் வீடுகளில் அந்தச் சட்டம் யார் கழுத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். சொத்தை எழுதிக் கொடுத்துவிட்ட கிழவிக்குத்தான் முதலில் வரும்.

பழக்கமில்லாத விஷயமுமல்ல இது. தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அடுத்தடுத்து இளநீர் கொடுப்பார்கள். உடம்பு சில்லிட்டுக் காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் ஆள் முடிந்துவிடும். செய்வது குடும்பம், அதற்கும் கருணை என்றுதான் பெயர்.

சரி, பாரம் இல்லையா என்றால், இருக்கிறது. படுத்துவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். விட்டால் இடுப்புக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். பேம்பர்ஸ் மாற்ற வேண்டும். முதுகை நிமிர்த்தி வைத்துக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். இத்தனையும் பெரும்பாலான வீடுகளில் ஒரு மகளோ ஒரு மருமகளோ செய்கிறாள். மற்ற பிள்ளைகள் தீபாவளிக்கு ஓட்ஸ் டின்னோடு வந்து, ‘அப்பா இளைச்சிட்டாரே, சரியா சாப்பாடு கொடுக்கிறதில்லையா?’ என்று அவளையே கேட்கிறார்கள். செத்த பிறகு பாடைக்குத் தோள் கொடுக்க நாலு பேர் வருகிறார்கள். உயிரோடு கிடக்கும்போது ஒருத்தியே தூக்குகிறாள். நீங்கள் பாரமானது உங்களால் அல்ல, இந்தக் கணக்கால்.

இங்கே என் பழைய சண்டையையும் எடுக்கத்தான் வேண்டும். முழுப்பக்க வண்ணக் கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாளுக்கு மண்டபம், கேட்டரிங், வந்தவர்களுக்கு அப்பா படம் போட்ட எவர்சில்வர் டப்பா. அந்தப் பணத்தில் அந்த மனிதருக்குச் சில மாதமாவது ஒரு தாதியை வைத்திருக்கலாம். மகள் இரவில் தூங்கியிருப்பாள். முன்பு இதை எழுதியபோது ‘எங்கள் அப்பாவுக்கு நாங்கள் செய்வதைக் கேட்க நீர் யார்?’ என்று கடிதங்கள் வந்தன. இன்றும் கேட்கிறேன். உயிரோடு இருந்தபோது யார் செய்தது?

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது தெரியாததல்ல. லயத்தில் ஒரு கிழவர் படுத்துவிட்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் வந்து பார்ப்பார், பக்கத்து வீட்டு அக்கா ரசம் கொண்டு வருவார், பால்வெட்டு முடிந்து வந்தவர்கள் மாறி மாறித் திண்ணையில் படுப்பார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடிக்கு வந்தபோது அந்த அக்காவை இழந்தோம். அவர் செய்ததையெல்லாம் ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று ஒரே வீட்டுக்குள் தள்ளிவிட்டோம்.

இரத்த உறவு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பெற்ற மகன்கள் பகைத்ததால், வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான் சங்ககாலச் சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அதுவரை நேரில் பார்த்தேயிராத புலவர் பிசிராந்தையார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாதியாக இருந்த அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு, 2015-இல் இறக்கும்வரை நினைவு திரும்பாமல் கிடந்தார். உறவினர் வருகை நின்றுபோனது. அவரைச் சாகவிடச் சொல்லி வழக்கு வந்தபோது, அதே மருத்துவமனைத் தாதியர் ‘எங்கள் பெண், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எதிர்த்து நின்றார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பேச்சை ஏற்றது. அதே தீர்ப்புதான், தக்க அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் இந்தியாவில் திறந்தது.

இந்த இரண்டாவது விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஊசி போட்டுக் கொல்வது வேறு, போகிற உயிரை இழுத்துப் பிடிக்காமல் விடுவது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘டியூப் போடட்டுமா?’ என்று மருத்துவர் கேட்கிறார். பக்கத்திலிருந்து பார்த்த மகள் வேண்டாம் என்கிறாள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகன் போனில் ‘எல்லாத்தையும் செய்யுங்க’ என்கிறான். அப்பாவின் விருப்பம் என்னவென்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வீட்டில் சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம்.

ஆகவே, ஐயா, உயிரை விடும் சட்டம் கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். செயற்கைச் சுவாசம் வேண்டுமா, மூக்கு வழி உணவு வேண்டுமா, உங்களுக்காக யார் பேசுவது என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். இதற்கெனத் தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்திருந்தால் மருத்துவர் அதை மதிக்க வேண்டும் என்பதே மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி. வலியை நினைத்துப் பயந்தால் வலிநிவாரணப் பராமரிப்பைக் கேளுங்கள். கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் வீடு தேடி வந்து இலவசமாகப் பார்க்கிறது. பினாங்கிலும் அப்படிப்பட்ட சேவை உண்டு. மார்ஃபின் என்றதும் ‘அடிமையாக்கிவிடும், சீக்கிரம் கொன்றுவிடும்’ என்று உறவுக்காரர்கள் கத்துவார்கள். அளவறிந்து கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது, வலியைத்தான் குறைக்கும்.

எழுதியதை ஒரு பிரதி பெர்த்துக்கும் அனுப்புங்கள். உங்கள் மகன் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊருக்கு.